எட்டு நிமிஷத்து இலை

கெங்குவார்பட்டி வேல்பாண்டி நட்ட செடி எதுவும் தழைக்காமல் போனதாகச் சரித்திரம் கிடையாது. தழைக்காமல் அது என்ன செய்யும், பாவம்? காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர், நடுவில் எரு, எருவுக்கு மேல் கொஞ்சல். வெயில் ஏறினால் நாற்றுக்குக் குடை பிடிப்பார். தென்னை மட்டை விழுந்து ஒரு தக்காளிச் செடி ஒடிந்த அன்று மத்தியானச் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்ட மனிதர். மலையடிவாரத்து மண், வற்றாத கிணறு எல்லாம் சேர்ந்து அமைந்துவிட்டதால், அவருடைய இந்தக் குணத்தைத் திருத்த எந்தப் பஞ்சமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரின் இலையைத்தான் தேனி கொள்முதல் நிலையத்தில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இலை என்றால் சிறுகுறிஞ்சான். வேலியில் படரும் கொடி. சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். இரண்டு இலையை நன்றாக மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வைத்தால் ஆற்று மணலை வைத்த மாதிரி இருக்கும். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பு மட்டும் எங்கேயோ போய்விடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகத் திரும்பி வரும். எத்தனை நிமிஷம் கழித்து வருகிறது என்பதில்தான் இலையின் மானமே இருக்கிறது.

ஏதோ ஒரு மருந்துக் கம்பெனிக்கு இலை வாங்கிக் கொடுக்கும் அந்த நிலையத்தில் ஜெபஷீலா என்ற பெண் பொறுப்பில் இருந்தாள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்கு முன் வாசலிலேயே அவள் ஒரு நாக்குப் பரிசோதனை வைத்திருந்தாள். கொண்டுவந்தவரே மெல்ல வேண்டும், அவள் செல்போனில் நேரம் பார்ப்பாள்.

"ஐயா, எட்டு நிமிஷத்துல இனிப்பு திரும்பிருச்சு" என்றாள்.

"சீக்கிரமே வந்துருச்சா! நல்லதுதான தாயி?"

"நல்லது இல்லைங்கய்யா. மருந்துச் சத்து கம்மின்னு அர்த்தம். ஒங்க சம்பந்தி மயிலாடும்பாறையில இருந்து கொண்டாந்த எலை முப்பத்தெட்டு நிமிஷம் நின்னுச்சு."

வேல்பாண்டிக்கு உச்சி காய்ந்தது. "அது எப்பிடி? அவுக வேலியில இருந்துதான நான் கொடிய வெட்டிக் கொண்டாந்து நட்டேன். ஒரே தாய்க்கொடி தாயி!"

"கொடி ஒண்ணுதான்யா, எடம் வேறல்ல. அங்கன சரளை மண்ணு, தண்ணி கெடையாது, வெயிலு மண்டையப் பொளக்குது, ஆடு கடிக்குது, பூச்சி கடிக்குது. அது தன்னக் காப்பாத்திக்க எலைக்குள்ள சத்தச் சேத்து வச்சுக்கிருது. ஒங்ககிட்ட அதுக்கு என்ன கவலை? குடிக்குது, தூங்குது, எலைய மட்டும் அகலமா வளத்துக்கிருது. கொஞ்சமாச்சும் கஷ்டம்னா என்னன்னு தெரியணும்யா அதுக்கு."

தன் செடியைப் பார்த்து ஒருத்தி இப்படிச் சொல்லிவிட்டாளே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி மயிலாடும்பாறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சம்பந்தி ஒச்சாண்டி லேசுப்பட்ட ஆள் இல்லை. நல்ல மனிதர்தான், ஆனால் நாக்கைக் கட்டிப்போடத் தெரியாது. வேல்பாண்டியின் ஒரே மகள் முனீஸ்வரி அவர் வீட்டு மருமகள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே 'கீரைக்கட்டு'தான். எறும்பு செத்தால் அழுகிற பெண், போன புதிதில் வெயில் தாங்காமல் வதங்கி விழுந்ததைப் பார்த்து அவர் வைத்த பெயர். இப்போது இலையும் திரும்பி வந்ததும் ஒச்சாண்டி சாப்பிட்டுக்கொண்டே மருமகள் காதுபடச் சொன்னாராம்: "எலை மட்டுமா? கெங்குவார்பட்டியில இருந்து வர்றது பூராம் கீரைதான்."

இதை மனைவி பவானி வந்து சொன்னபோது வேல்பாண்டி இலைக்குப் பட்ட வருத்தம் எல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் மயிலாடும்பாறையில் பஸ் ஏறியதிலிருந்து கடமலைக்குண்டு வரைக்கும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற தகப்பன் அவர். கறுத்துப் போனாளே, மெலிந்து போனாளே என்று. முதல் வருஷம் தினமும் போன் செய்து அழுதவள், இப்போது "சரிப்பா, வேலை கெடக்கு" என்று பாதியில் வைத்துவிடுகிறாள். அழக்கூடத் தெம்பில்லாமல் பிள்ளை காய்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தார்.

போனைப் போட்டு ஒச்சாண்டியிடம் நேராகவே கேட்டுவிட்டார். "சம்பந்தி, எலையச் சொல்லுங்க. எம்பிள்ளையச் சொல்லாதீக."

"கோவிக்காதீக சம்பந்தி. தைக்கு நம்ம பேத்திக்குக் காதுகுத்து. ஒங்க எலையக் கொண்டாங்க, எங்க எலையும் இருக்கும். சபையில மென்னு பாத்துருவோம். நான் தோத்தா அந்தப் பேச்சையே இனிமே எடுக்க மாட்டேன். நீங்க தோத்தா எந்திரிச்சு, 'எங்க மண்ணுல வெளஞ்சது பூராம் கீரைதான்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துக்கங்க. என்ன?"

கோபத்தில் இருக்கிறவன் யோசிப்பானா? சரி என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் உறைத்தது: சபையில் அந்த வார்த்தையைச் சொன்னால் மகளையும் சேர்த்துத் தானே தன் வாயால் கீரை என்று சொன்னதாகிவிடும்.

ஆகவே செடிகளைக் கொடுமைப்படுத்துவது என்று வேல்பாண்டி முடிவு செய்தார். இரண்டு மாசம் கையில் இருந்தது.

முதல் வேலையாகத் தண்ணீரை நிறுத்தினார். நாற்பது கொடி. மோட்டார் பக்கமே போவதில்லை என்று சத்தியம். ஐந்தாம் நாள் இலைகள் லேசாகத் தலை கவிழ்ந்தன. ஆறாம் நாள் இவர் தலை கவிழ்ந்தார். ஏழாம் நாள் பவானி தோட்டத்துக்குப் போனபோது எல்லாக் கொடியின் அடியும் ஈரமாக இருந்தது.

"தண்ணி விட்டீகளா?"

"நான் எங்க விட்டேன்? கால் கழுவுனேன்."

"கால் கழுவ நாப்பது செடிகிட்டயும் போகணுமா?"

"சேறு ஜாஸ்தி" என்றார் வேல்பாண்டி, காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டே.

அடுத்ததாக மண்ணையே மாற்றிவிடலாம் என்று மயிலாடும்பாறைச் சரளை மூன்று டிராக்டர் லோடு சொன்னார். அதை ரகசியமாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தவர், மயிலாடும்பாறை டிராக்டரையே வாடகைக்குப் பிடித்திருக்கக் கூடாது. முதல் லோடு வந்து இறங்குவதற்கு முன்னாலேயே ஒச்சாண்டியின் போன் வந்தது.

"சம்பந்தி, மண்ணு மட்டும் போதுமா? வெயிலையும் ரெண்டு லோடு ஏத்தி அனுப்பவா?"

மிச்ச இரண்டு லோடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வந்த ஒரு லோடை வேரைச் சுற்றிப் பரப்பினார். கல் குத்துமோ என்று கூர்மையான கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வரப்பில் போட்டார். கடைசியில் கொடியடியில் மிஞ்சியது நல்ல மெத்தென்ற செம்மண்.

கடைசி அஸ்திரம் ஆடு. ஆடு கடித்தால் சத்து ஏறும் என்று ஜெபஷீலா சொன்னது நினைவுக்கு வர, பக்கத்துத் தோட்டத்துச் சங்கிலியம்மாளிடம் கெஞ்சி மூன்று வெள்ளாட்டை ஓட்டி வந்தார். "லேசா கடிக்கணும், பாத்துக்க" என்று ஆடுகளிடம் சொன்னார். ஆடுகள் கேட்டுக்கொண்டன. ஒரு மணி நேரத்தில் பதினோரு கொடி மொட்டை.

மறுநாள் காலையில் சங்கிலியம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு வந்து நின்றாள். "ஏய்யா, என் ஆட்டுக்கு என்னத்தக் குடுத்த? வாழப்பழத் தோலு போட்டா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்புதே!"

வேல்பாண்டிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இனிப்பு தெரியவில்லை! "எத்தன மணியில இருந்து திங்கல ஆத்தா? செத்த சரியாச் சொல்லு!"

"நேத்துச் சாயங்காலத்துல இருந்து!"

பன்னிரண்டு மணி நேரம்! ஒச்சாண்டியின் முப்பத்தெட்டு நிமிஷம் எந்த மூலைக்கு? கையோடு ஜெபஷீலாவுக்குப் போன் போட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஐயா, இந்த எலை மனுச நாக்கைத்தான் ஏமாத்தும். ஆட்டு நாக்குல ஒண்ணும் பண்ணாதுன்னுதான் படிச்சிருக்கேன். எத்தன கொடி தின்னுச்சு?"

"பதினொண்ணு."

"வயிறு நெறஞ்சிருக்கும்யா."

தை பிறந்தது. மயிலாடும்பாறைக் கோயிலில் காலையில் காது குத்தி முடித்து, வேல்பாண்டியின் தம்பி மகன் தாய்மாமனாக மடியில் வைத்துக்கொள்ள, பேத்தி ஊரைக் கூட்டி அழுது, பிறகு மிட்டாய் வாங்கிக்கொண்டு சமாதானமானாள். விருந்து கடமலைக்குண்டு மண்டபத்தில். வாசலில் பிளக்ஸ். பேத்தி படம் சின்னது, ஒச்சாண்டி படம் பெரியது, அவருக்குப் பக்கத்தில் அவரைவிடப் பெரிதாக ஒரு சிறுகுறிஞ்சான் இலை. அதைப் பார்த்ததும் வேல்பாண்டிக்குக் கையில் இருந்த பை கனத்தது.

நடுவராக ஜெபஷீலாவையே அழைத்திருந்தார்கள். அவள் முதலிலேயே எழுந்து சொல்லிவிட்டாள்: "சுகர் மாத்திரை போடுறவுக யாரும் மெல்லாதீக. பந்தி முடியட்டும், பெறகு வச்சுக்கிருவோம். இப்ப மென்னா இனிப்பு தெரியாது."

யார் கேட்டார்கள்? சாப்பிட்ட பிறகு வாய்ப் பந்தயம் வைத்தால் என்ன சுவாரஸ்யம் என்று இரண்டு தரப்பும் ஒரே குரலில் கேட்டது. அன்று இரண்டு தரப்பும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். இடது வரிசையில் ஒச்சாண்டியையும் சேர்த்து இருபது பேருக்கு அவருடைய இலை, வலது வரிசையில் இருபது பேருக்கு வேல்பாண்டியின் இலை என்று தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் ஆடு மாதிரி மென்றார்கள். மிச்ச இலையைத் தட்டோடு சமையல்கட்டு வாசலில் வைத்தார்கள்.

"சோதிக்கச் சீனி எடுத்தாரச் சொல்லவா?" என்றாள் ஜெபஷீலா.

"சீனி எதுக்குத் தண்டமா? அண்டா நெறையப் பாயாசம் கெடக்குல்ல" என்றார் ஒச்சாண்டி. ஆளுக்கு ஒரு டம்ளர் வந்தது.

சமையல் மாஸ்டர் முத்துக்கருப்பனுக்கு இந்தப் பந்தயத்தைப் பற்றி எவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பது வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவர். உள்ளே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவருக்கு வெளியிலிருந்து நாற்பது குரல் ஒன்றாகக் கேட்டது.

"பாயாசத்துல சீனியே இல்ல!"

முத்துக்கருப்பன் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது பேர் பொய் சொல்வார்களா? இரண்டு கிலோ சீனியைக் கொட்டிக் கிளறி மறுபடி அனுப்பினார்.

"இப்பவும் சப்புன்னுதான் இருக்கு!"

இன்னும் இரண்டு கிலோ. மூன்றாம் தடவை டம்ளர் போனபோது, வலது வரிசையில் ஒரு கிழவர் முகத்தைச் சுளித்தார். "யப்பா! என்ன இது, பாகு காச்சி ஊத்தியிருக்கான்? உதடு ஒட்டுது!"

"பாகா? ஒமக்கு நாக்கு செத்துப்போச்சா? கஞ்சி மாதிரி கெடக்கு!" என்றது இடது வரிசை.

"கெங்குவார்பட்டிக்காரன் நாக்க ஏலே சொல்றே?"

ஒரே அண்டா, ஒரே பாயாசம். இந்தப் பக்கம் குடித்தவன் இனிப்புத் தாங்காமல் தண்ணீர் கேட்டான், அந்தப் பக்கம் குடித்தவன் சீனி கேட்டான். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள், அதனால் சண்டை பலமாக நடந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட முத்துக்கருப்பன் மனசு சரியில்லை என்றால் கறிவேப்பிலையைக் கிள்ளி மெல்லுகிறவர். பதற்றத்தில் வாசலில் தட்டில் கிடந்த இலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக மென்றுவிட்டு, நிதானத்துக்கு வந்து, தன் பாயாசத்தைத் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

அப்படியே அண்டா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு! முப்பது வருச நாக்கு போச்சு! நாலு கிலோ கொட்டியும் எனக்கே தெரியலையே! என் பொழப்பு போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

இந்த அமளி இருபது நிமிஷத்துக்கு மேல் நீண்ட பிறகு ஜெபஷீலா மேஜை மேல் ஏறி நின்று அறிவித்தாள். "வலது பக்கம் இனிப்பு திரும்பியாச்சு. வேல்பாண்டி ஐயா எலை ஒம்பது நிமிஷம். இடது பக்கம் இன்னும் ஓடுது."

ஒன்பது. இரண்டு மாசத்துக் கொடுமைக்கு ஒரு நிமிஷம் ஏறியிருந்தது. அதுகூட ஆடு செய்த உபகாரமாக இருக்க வேண்டும்.

"சம்பந்தி" என்றார் ஒச்சாண்டி, மீசையைத் தடவிக்கொண்டு. "அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிருங்க. வாழை எலையப் போட்டுச் சாப்பாடுன்னு போய்க்கிட்டே இருப்போம்."

வேல்பாண்டி எழுந்தார். தூண் ஓரமாகப் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு முனீஸ்வரி நிற்பது தெரிந்தது. கறுத்து, கன்னம் ஒட்டி, வெயிலில் சுருங்கிய கண்ணோடு. தான் குடை பிடித்து வளர்த்த பிள்ளை. "எங்க மண்ணுல..." என்று ஆரம்பித்தார். மேற்கொண்டு வரவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

டண்ணென்று ஒரு சத்தம். பேத்தியைப் பவானி கையில் கொடுத்துவிட்டு முனீஸ்வரி பாயாசக் கரண்டியால் அண்டாவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டியிருந்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். அப்பா, நீங்க உக்காருங்க. புள்ளைக்குக் காது குத்த வந்தீகளா, மாடு மாதிரி எலை மேய வந்தீகளா? அங்கன ஒரு மனுசன் நாக்கு போச்சுன்னு கெடந்து அழுறாரு, ஒருத்தருக்காச்சும் கேக்கத் தோணுச்சா? மாஸ்டர், எந்திரிங்க. ஒங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகல, அரை மணி நேரத்துல வந்துரும்." கரண்டியோடு திரும்பினாள். "மாமா! ஒங்க எலை முப்பத்தெட்டு நிமிசம், எங்க அப்பா எலை ஒம்பது நிமிசம். சரி. மூணு வருசமா சோத்தோட சேத்து ஒங்க பேச்சையும் தின்னுக்கிட்டு இருக்கேனே, அதுக்கு எத்தன நிமிசம்னு நான் என்னிக்காச்சும் போன எடுத்துப் பாத்தேனா? கீரை கீரைன்னீகளே, ஒங்க சோளம் அறுத்தது யாரு, ஆட்ட ஓட்டுறது யாரு, போன மாசம் நீங்க காச்சல்ல கெடந்தப்ப மோட்டாரத் தூக்கிட்டுப் போயி ரிப்பேர் பாத்துட்டு வந்தது யாரு? இன்னொருக்க அந்த வார்த்தை இந்தச் சபையில வந்துச்சு, ஒங்களுக்கு மட்டும் இல்ல, ஒங்க மகனுக்கும் சேத்து ஒரு மாசத்துக்குச் சோறு கெடையாது!"

ஒச்சாண்டியின் மகன் செய்யாத குற்றத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டான். வேல்பாண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தான் மூன்று வருஷமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது என்று அழுத பிள்ளையா இது? எறும்புக்கு அழுத பிள்ளையா? அவருக்குப் பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது, மார்பு விம்மிப்போனது.

ஒச்சாண்டி மருமகளைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். ஜென்மத்தில் முதல் தடவையாக அவர் நாக்கு கட்டுப்பட்டது. பிறகு மெதுவாக வேல்பாண்டி பக்கம் சாய்ந்தார்.

"சம்பந்தி, நீங்க அந்த வார்த்தையச் சொல்ல வேணாம். சொன்னா பொய்யாயிரும். நாத்து ஒங்களதுதான?"

"நாத்து எங்களதுதான்" என்றார் வேல்பாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இங்க வந்துதான் இப்பிடி ஆயிருச்சு."

"எங்க வேலியில இருந்து நீங்க கொண்டு போனதுக்கு ஒம்பது நிமிசம். ஒங்க வீட்டுல இருந்து நாங்க கொண்டாந்தது..." ஒச்சாண்டி குரலை இன்னும் தாழ்த்தினார். "இதோட வேகம் எறங்கவே எறங்காது போல சம்பந்தி."

"என்ன மாமா அங்க குசுகுசுன்னு?" என்றாள் முனீஸ்வரி.

"ஒண்ணும் இல்லத்தா. பாயாசம் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"நல்லா இருந்தா குடிங்க." அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் நிறைய ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "மிச்சம் வைக்கக் கூடாது. நாலு கிலோ சீனி வீணாப் போயிருக்கு."

ஒச்சாண்டி பாதி டம்ளரைக் கஞ்சி மாதிரி சுலபமாகக் குடித்தார். அந்த நேரம் பார்த்து ஜெபஷீலாவின் செல்போன் மணி அடித்தது. முப்பத்தெட்டாவது நிமிஷம். இடது வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் "யாத்தே" என்றது. ஒச்சாண்டியின் கண் பிதுங்கியது, மீசை துடித்தது. நிமிர்ந்து பார்த்தார். மருமகள் கரண்டியோடு எதிரிலேயே நின்றாள். ஒரு வார்த்தை பேசாமல் மிச்சப் பாதியையும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

சாயங்காலம் கடமலைக்குண்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பவானி வழக்கப்படி துண்டை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். வேல்பாண்டி வாங்கிக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகக் காய்ந்த கரட்டையும் அதில் மேய்ந்த ஆடுகளையும் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தார். கண்டமனூர் தாண்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"நாளைக்கு வெள்ளென எந்திரிச்சு அந்தக் கொடிக்குத் தண்ணி விட்டுரணும், பாவம்" என்றார். "நம்மகிட்ட இருக்கிற வரைக்கும் அது நல்லா இருந்துட்டுப் போகட்டும்."